தரைத்தளத்தில் ஓர் அறை

திருப்பதிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் தரிசனத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், கழிப்பறை எந்த மாடியில் இருந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை. பெருமாளைப் பார்ப்பது சில விநாடிகள். மீதி நேரமெல்லாம் மனிதன் படுக்கவும் உண்ணவும் இடம் தேடிக்கொண்டிருக்கிறான். நான் அந்த மீதி நேரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் மனைவி விசாலத்துக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கால் இழுக்கும். கைத்தடியோடு சமதரையில் நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். சில எழுத்துகள் வழுக்கிவிடும். ஒரு வார்த்தையை எதிராளி இரண்டாம் முறை கேட்டுவிட்டால் மூன்றாம் முறை சொல்ல மாட்டாள். அதனால் வெளியாரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். கைப்பேசி அடித்தால் என்னிடம் நீட்டுவாள். திருச்சியில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அவள் போனது மருத்துவமனைக்கு மட்டும்தான். நடுவில் ஒரே ஒரு முறை உறவினர் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபம் மாடியில். நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். அன்று வீடு திரும்பியவள், இனி எங்கும் வருவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திருப்பதிக்குப் போலாம்" என்றாள். கூடவே ஒரு நிபந்தனை. "என்னை யாரும் தூக்கக் கூடாது."

தரிசனச் சீட்டு கிடைத்துவிட்டது. வயதானவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் தனி வழி இருக்கிறது. அதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்று எனக்குத் தெரியும். வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சான்றிதழ்களைச் சேர்ப்பது கஷ்டமா? கிடைக்காதது அறைதான். மலை மேல் அறைகள் இணையத்தில் திறந்ததும் தீர்ந்துவிடுகின்றன. மலைக்குக் கீழே திருப்பதி நகரில் கேட்கிற வாடகைக்கு எங்கள் தெருவில் ஒரு மாதம் வீடு எடுக்கலாம். ஆகவே பக்கத்தில் எங்காவது தங்கி, வண்டி வைத்துப் போய் வருவது என்று முடிவு செய்தேன். பக்கத்தில் என்றால் திருத்தணி. அதுவும் மலைக்கோயில் ஊர்தான், ஆனால் முருகனுக்குக் கூட்டம் நாள் பார்த்து வருகிறது. மற்ற நாட்களில் விடுதிகள் மலிவு என்று சொன்னார்கள்.

சொன்னதை நம்பி நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இணையத்தில் 'தரைத்தள அறை' என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் தரைத்தளத்துக்கு ஏறவே ஏழெட்டுப் படி இருக்கும். அதனால் முதலில் நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. சட்டைப்பையில் அளவு நாடா. விசாலமோ நான் கிளம்புவதற்கு முன்பே நான்கு புடவைகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. கெடைக்கலைன்னா பீரோவுல திருப்பி வச்சிடறேன்" என்றாள். இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. திருப்பி வைத்தால் அந்தப் புடவைகள் பிறகு வெளியே வராது என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை திருத்தணியில் இறங்கினேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பங்கள் பேருந்து நிலையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா, பிள்ளை, கைக்குழந்தை மூவர் தலையும் ஒரே மஞ்சளில் மின்னின. அவர்களைத் தாண்டி முதல் விடுதிக்குள் நுழைந்தேன்.

"எத்தினி பேரு?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

"ஒருத்தர்."

"சிங்கிளுக்கு ரூம் இல்லைங்க."

அடுத்த விடுதியிலும் அதே. மூன்றாவதில் மேலாளர் சற்று விளக்கமாகப் பேசினார். நெற்றி நிறையத் திருநீறு, காதில் பேனா. "தப்பா நெனச்சுக்காதீங்க சார். தனியா வர்றவங்க சில பேரு ரூம்ல போயி ஏதாச்சும் பண்ணிக்கிறாங்க. அப்புறம் போலீசு, ஸ்டேஷன்னு நாங்கதான் அலைஞ்சுகினு இருக்கணும்."

தனியாக வருபவருக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் பிரிவைச் சொல்லவில்லை. உயிரை விட வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, எங்கள் ஊரிலேயே காவிரி ஓடுகிறது என்றேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டார். நகைச்சுவைக்கு ஏற்ற இடம் எது என்பதை நான் பணிக்காலம் முழுவதும் சரியாகக் கண்டுபிடித்ததில்லை.

கடைசியில் அவரே இரங்கினார். "வூட்ல யாருனா பேசச் சொல்லுங்க. உங்கள அவங்களுக்குத் தெரியும்னு சொல்லட்டும். போதும்."

விசாலம் பேச மாட்டாள். பெங்களூரில் இருக்கும் மகனை அழைத்தேன். மேலாளர் ஒலிபெருக்கியைப் போட்டு, உங்க அப்பா தனியா வந்துகீறாரு, ஒண்ணும் பிரச்சனை இல்லையே என்று விசாரித்தார்.

"எங்கப்பாவா?" என்றான் என் மகன். "அவர் அப்படியெல்லாம் செஞ்சுக்க மாட்டாருங்க. அடுத்தவங்களை வேணும்னா அந்த நெலமைக்குக் கொண்டு போவாரு."

மேலாளர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தார். இன்னார் இன்னாருக்கு வாரிசு என்று ஆயிரக்கணக்கில் சான்றளித்தவன் நான். இப்போது நான் இன்னாருக்குத் தகப்பன் என்று ஒருவன் சான்றளிக்க வேண்டியிருந்தது. அதையும் பாராட்டோடு செய்திருந்தான்.

அறை இரண்டாவது மாடியில். தரைத்தளத்தில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கீழ கடைங்க சார்" என்றார். உண்மைதான். அன்று இரவு உணவுக்கு முன் கண்ணில் பட்ட விடுதிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். கைப்பேசிக் கடை, மருந்துக்கடை, தேங்காய் பூக்கடை, அதற்கு மேலேதான் மனிதர்கள் தூங்கும் இடம். தரையில் நிற்கும் உரிமை வியாபாரத்துக்கு. படுக்க வேண்டியவன் மேலே ஏற வேண்டும். எங்கள் ஊரிலும் இப்படித்தான் இருக்கும். சொந்த ஊரில் விடுதி எடுத்துத் தங்கியதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு விடுதியில் கீழே அறை இருந்தது. ஆனால் குளியலறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு. நாடாவை எடுத்து அளந்தேன். "தண்ணி வெளிய வராம இருக்க சார்" என்று காட்டிய பையன் பெருமையாகச் சொன்னான். தண்ணீர் வெளியே வராது. என் மனைவி உள்ளே போகவும் முடியாது.

சாப்பாட்டுக்கு ஒரு மெஸ். உரிமையாளர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒரே இலையில் பரிமாறிய பதார்த்தங்கள். பருப்பு, பொடி, நெய் எல்லாம் நேர்த்தி. ஆனால் ஊறுகாயை நாக்கில் வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. எங்கள் பக்கத்தில் காரம் என்பது சமையலில் ஒரு பங்கு. இங்கே அதுதான் சமையல். மற்றவை அதற்குத் துணை. விசாலத்துக்கு இரத்த அழுத்தம். உப்பு பாதிதான் போட வேண்டும், காரம் அதிலும் பாதி.

"உப்பு கம்மியா செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டேன். "வீட்டுல ஒருத்தருக்கு. டாக்டர் சொல்லியிருக்கார்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இங்க ரெண்டு நாளு சாப்புட்டா டாக்டர் சொன்னதே மறந்து பூடும் நைனா" என்றார்.

பக்கத்து இலைக்காரர் சிரித்தார். தனியாகச் செய்து தர முடியுமா என்று மறுபடி கேட்டேன். நூறு பேருக்கு ஒரு அண்டாவில் கொதிக்கும் சாம்பாரில் ஒருத்தருக்கு மட்டும் உப்பை எப்படி எடுப்பது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இலையை மடித்தேன்.

சனிக்கிழமை திருப்பதிக்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். அதிகப் பணம் கொடுத்தாவது ஒரு நல்ல அறை கிடைக்காதா என்கிற சபலம். பேருந்து நகரியைத் தாண்டியதும் டயர் போயிற்று. எல்லாரும் இறங்கிச் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். ஓசூரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட தெலுங்கு எனக்குக் கொஞ்சம் உண்டு. பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"போன வாரமும் இங்கேதான் நின்றது."

"டிரைவருக்கு மாமியார் வீடு பக்கத்தில் இருக்கிறதோ என்னவோ."

"மாமியார் வீடாக இருந்தால் இவ்வளவு தூரம் தள்ளியா நிறுத்துவான்? சாப்பாட்டு நேரத்துக்கு வாசலிலேயே நிறுத்துவான்."

ஓட்டுநர் சக்கரத்தடியிலிருந்து தலையை நீட்டி அவர்களை முறைத்தார். மாற்று டயரும் வழவழவென்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்பதற்கு விதி இருக்கிறது, கேட்கத் தெம்பில்லை. திருப்பதி போய்ச் சேர்ந்தபோது வெயில் தலைக்கு மேல்.

நகரில் விடுதிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓர் இடத்தில் மதியம் சொன்ன வாடகை, நான் எதிர்க்கடையில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஏறியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்த இளைஞன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினான், அது தன் தவறு இல்லை என்பதுபோல. ஒரு நாளைக்கு மேல் நீட்டித்துத் தர மாட்டார்களாம். மறுநாளுக்கு மறுநாளின் வாடகை.

இன்னோர் இடத்தில் மின்தூக்கி இருந்தது. ஆனால் அதை அடைய ஐந்து படிகள். கைப்பிடியும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலாளர் தெலுங்கில் சொன்னார்: "கவலையே படாதீர்கள். சக்கர நாற்காலி இருக்கிறது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் அம்மாவை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்."

அவர் சொன்னது அன்பாகத்தான். அன்று நான் பார்த்த எல்லா விடுதிகளிலும் உதவி என்றால் தூக்குவது. தூக்காமல் உதவ என்ன வழி என்று யாரும் யோசித்திருக்கவில்லை. யோசிக்க வேண்டியது ஒரு சாய்தளம். கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் மணல்.

திரும்பும் பேருந்தில் புத்தூர் வரை நின்றுகொண்டு வந்தேன். அதன் பிறகு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மறுக்கவில்லை. என்னையும் தூக்கி வைக்கும் காலம் அதிக தூரத்தில் இல்லை என்று தோன்றியது. விடுதிக்குப் போனதும் விசாலத்திடம் கைப்பேசியில், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மாடி இறங்கி வந்து தெருவில் நின்றபோது எங்கே போவது என்று தெரியவில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. வாசலில் ஆட்டோவில் சாய்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்த பாஸ்கர் என்பவர், "முந்தாநேத்து டேப்பு வெச்சுகினு சுத்துனீங்களே சார், எடம் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தினசரியை மடித்து இருக்கைக்கு அடியில் செருகினார். "லாட்ஜ்ல இதெல்லாம் கெடைக்காது சார். கே.ஜி.கண்டிகையில ஒரு வூடு கீது. எஸ்தரக்கா வூடு. அவங்க மாமியாருக்கு இதே மாதிரிதான், கை கால் விழுந்து பூட்ச்சு. அவங்களுக்கோசரம் கீழயே ரூமு, பாத்ரூமு எல்லாம் கட்னாங்க. அந்தம்மா போயிட்டாங்க. இப்ப காலியா கீது. நானு மலைக்குப் போறவங்கள அப்பப்ப இட்டுகினு போவேன்."

"அவங்க கிறிஸ்துவங்களா?"

"ஆங். அதனால இன்னா? போன மாசம் ஒரு ஐயர் குடும்பம் நாலு நாளு இருந்துட்டுப் போச்சு."

ஊர் திருத்தணியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. இரு பக்கமும் வேர்க்கடலையும் கரும்பும். சாலையோரம் ஒரு தேநீர்க் கடை, நாலைந்து ஆட்டோக்கள். உள்ளே திரும்பியதும் எஸ்தரின் வீடு. வாசலிலேயே தெரிந்துவிட்டது. படிகளுக்குப் பக்கத்தில், அகலமாக, தேய்ந்த சாக்கு விரித்த ஒரு சாய்தளம். நான் ஆட்டோவை விட்டு இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆலயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளைப் புடவை கூட மாற்றவில்லை. கணவர் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருக்கிறார் என்றார். அறையைத் திறந்து காட்டினார். வாசலில் கட்டு இல்லை. குளியலறை வாசலிலும் இல்லை. மேற்கத்தியக் கழிப்பறை, அதற்கு இரண்டு பக்கமும் சுவரில் குழாயால் கைப்பிடி. அளந்தேன். மருத்துவர் சொன்ன உயரம். கட்டில் உயரமும் சரி.

சமையலறையில் மேல் அலமாரியைக் காட்டினார். அதில் இருந்த பாத்திரங்களின் அடியில் சிவப்புச் சாயத்தால் ஒரு பொட்டு. "இது மலைக்குப் போறவங்க பாத்திரங்க. இதுல கறி மீனு படாது. தேய்க்கிற நாரு கூட வேற. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, அதனால கறி எடுத்துட்டோம். யாருனா வந்து தங்கினா அந்த நாளுங்கள்ல எடுக்க மாட்டோம். அவ்ளோ ஆசையா இருந்தா எங்க நாத்தனாரு வூட்ல போயி சாப்புட்டு வந்துடுவோம்."

உப்பு பற்றிக் கேட்டேன். "எங்க அத்தைக்கு அரை உப்புதான் போடுவேன். பழகிப் போச்சு, இப்பவும் எனக்கு முழு உப்பு போட கை வராது. எங்க வூட்டுக்காரரு தெனமும் கத்துவாரு" என்று சிரித்தார். பொட்டு வைத்த பாத்திரத்தில் தேநீர் போட்டுக் கொடுத்தார். வாடகையும் சொன்னார், பேரம் பேச வெட்கப்படும் அளவுக்குக் குறைவு.

எல்லாம் முடிந்துவிட்டது. தேநீரைக் குடித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் குறையில்லாத ஒன்றைக் கண்டால் எனக்கு நிம்மதி வருவதில்லை. பார்க்காமல் விட்டது எது என்று தேடத் தொடங்கிவிடுவேன்.

"இப்படி வெளியாட்களைத் தங்க வைக்கிறதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

எஸ்தர் புரியாமல் பார்த்தார். நான் விளக்கினேன். உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும். தங்குபவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டியிருக்கலாம். வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். "அதோட, வீட்டு மின் இணைப்புல வாடகைக்கு விட்டா கட்டணப் பிரிவு மாறும். ஈபி கார்டு எங்க இருக்கு? கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்."

என் கையில் அளவு நாடா வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க யாரு சார்?" என்றார் எஸ்தர். குரல் இறங்கியிருந்தது. "ஆபீஸா?"

"ரிட்டையர்டு தாசில்தார்."

பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எஸ்தர் என் முன்னாலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டார். அதில் இன்னும் பாதி தேநீர் இருந்தது. "நாங்க லாட்ஜு ஒண்ணும் நடத்தலைங்க. பாஸ்கரு இட்டுகினு வந்தா, பாவம் மலைக்குப் போறவங்கன்னு ரெண்டு நாளு வெச்சிப்போம். அதுக்கு இவ்ளோ இருக்குதுன்னா எங்களுக்கு வேணாங்க."

"உங்க நன்மைக்குத்தாம்மா சொன்னேன்."

"நன்மைக்குச் சொல்றவங்க ஈபி கார்டு எங்கன்னு கேக்க மாட்டாங்க சார்." அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். முடிந்தது.

தேநீர்க் கடை வந்ததும் பாஸ்கர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "தாசில்தார்னு எதுக்கு சார் சொன்னீங்க? வாத்தியாருன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் வேணாம் சார். சும்மா இருந்திருக்கலாமில்ல? சும்மா இருக்கறதுக்கு இன்னா பர்மிஷன் வேணும்?"

ஆட்டோவில் உட்கார்ந்தபடியே விசாலத்தை அழைத்தேன். சாயங்காலம் வரை காத்திருந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இடம் இருந்தது, உனக்கென்றே கட்டியதுபோல் இருந்தது, நான் பேசிக் கெடுத்துவிட்டேன் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். சாய்தளத்தையும் கைப்பிடியையும் சிவப்புப் பொட்டையும் சொன்னேன். மின்கட்டணப் பிரிவைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. பையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"விசாலம்," என்றேன். "விசாலம்."

சத்தம் நின்றது. பிறகு அவள் குரல் வந்தது. "அந்த... அம்மா கிட்ட... போனைக் குடுங்க."

"நீ பேசறியா?"

"குடுங்க."

பாஸ்கர் கேள்வி கேட்காமல் வண்டியைத் திருப்பினார். எஸ்தர் வெள்ளைப் புடவையை மாற்றிவிட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் பாஸ்கர், "நீங்க இருங்க சார்" என்று என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய், "அக்கா, சார் வூட்டம்மா பேசணுமாம். அவங்களுக்குத்தான் ஒடம்பு முடியல" என்று கொடுத்தார்.

எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மறுமுனையில் விசாலம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்.

"சொல்லுங்க... ஆங்... ஆங்... மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல, எனக்குப் புரியுது. எங்க அத்தையும் இப்படித்தான் பேசுவாங்க. வூட்ல யாருக்கும் புரியாது, நான்தான் அவங்ககூடப் பேசிகினு இருப்பேன்... எந்தப் பக்கம்? வலதா? அப்போ கட்டில இப்படித் திருப்பிப் போடணுங்க, எடது பக்கமா எறங்குற மாதிரி... ஆங், புடிச்சுக்கக் குழா இருக்குது... இல்லல்ல, யாரும் தூக்க மாட்டாங்க. அத்தையும் தூக்கவுட மாட்டாங்க, தொட்டாலே திட்டுவாங்க..."

நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவரா? ஐயையோ, முழுசா சொன்னாரு. ஈபி வரைக்கும் சொன்னாரு." பிறகு இருவரும் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். எஸ்தர் சிரித்தது தெரிந்தது. கைப்பேசியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டு நாளாகியிருந்தது.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்கர் மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டார். ஒருமுறை கூட எஸ்தர் "என்னது?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

கடைசியில் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "உங்களுக்கு ரூமு கிடையாதுங்க சார்."

நான் தலையசைத்தேன்.

"எங்க அக்காவுக்கு இருக்குது. எங்க அக்கா எங்க வூட்டுக்கு வந்து நாலு நாளு தங்கறதுக்கு எந்த ஆபீஸ்ல எழுதி வாங்கணும்?"

யோசித்துப் பார்த்தேன். பழக்கம். "எங்கயும் வேண்டாம்மா" என்றேன். இதைவிடச் சுருக்கமான உத்தரவை நான் பணியில் இருந்தபோது பிறப்பித்ததில்லை.

அடுத்த வாரம் போனோம். கே.ஜி.கண்டிகையில் காரை விட்டு இறங்கியதும் என் கை தானாக நீண்டது. விசாலம் அதைப் பார்த்தாள். நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். எஸ்தர் வாசலில் நின்றிருந்தார். ஓடி வந்து பிடிக்கவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விசாலம் கைத்தடியை ஊன்றி, சாய்தளத்தில் கால் வைத்து, பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி நடந்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் எஸ்தர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே கேட்டார். "யாரு எஸ்தரு?"

"எங்க அக்கா. திருச்சியிலேர்ந்து வந்துகீறாங்க."

"அந்தப் பெரியவரு?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கைகளிலும் பைகளோடு சாய்தளத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அவரு அக்கா கூட வந்தவரு" என்றார்.

பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.